ஒரு கிளாஸ்கோ தெருவின் இளமை நினைவுகளைப் பகிர்வது எப்படி

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கோவன் பகுதியில் 1950களில் வளர்ந்த ஒருவரிடம் எங்கே குடியிருந்தீர்கள் என்று கேட்டால், தெருவின் பெயரையும் கதவிலக்கத்தையும் சொல்லி அவர் நிறுத்துவதில்லை. "இரண்டு மேலே, இடப்பக்கம்" என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். தெருவை நோக்கியிருக்கும் இலக்கம் ஒரு வீட்டுக்கு உரியதன்று. எட்டு முதல் பன்னிரண்டு குடும்பங்கள் வரை ஏறி இறங்கிய ஒரு பொது நுழைவழிக்கும் படிக்கட்டுக்கும் உரியது அது. அந்த வழிக்கு அங்கே குளோஸ் என்று பெயர். அதில் எத்தனையாவது தளம், ஏறி வந்து நின்றால் எந்தக் கைப்பக்கத்துக் கதவு என்பது வரை சொன்னால்தான் முகவரி முழுமை பெறும்.

நினைவுகளைப் பகிர விரும்புபவர்களும் இந்த முகவரி முறையையே பின்பற்றலாம் என்பது என் கருத்து. "எங்கள் தெருவில் எல்லோரும் ஒரே குடும்பம் போல் இருந்தோம்" என்று எழுதினால் அது எந்த ஊர்த் தெருவுக்கும் பொருந்திவிடும். அதைப் படிப்பவர் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார். இரண்டாம் தளத்து இடப்பக்க வீட்டின் அடுக்களைச் சன்னலிலிருந்து என்ன தெரிந்தது என்று எழுதினால், அதே படிக்கட்டில் மூன்றாம் தளத்தில் இருந்தவர் "அந்தச் சன்னலிலிருந்து சலவைக்கொட்டகை தெரியாது, சுவர் மறைக்கும்" என்று மறுத்துச் சொல்ல முடியும். இன்னொருவர் திருத்தும் அளவுக்குத் துல்லியமாகச் சொல்லப்பட்ட நினைவைத்தான் உண்மையில் பகிர முடியும் என்பதை, கோவனில் குடியேறிய பின் என் அக்கம்பக்கத்து முதியவர்களோடு உட்கார்ந்து பேசிப் பேசியே கற்றுக்கொண்டேன். ஸ்காட்லாந்தின் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பணிபுரியும் தமிழர்களுக்கும், அங்கே பெண் எடுத்தும் கொடுத்தும் உறவான குடும்பங்களுக்கும் இந்தக் கதைகளைக் கேட்கும் வாய்ப்பு அன்றாடம் கிடைக்கிறது. கேட்டதைச் செம்மையாக எழுதி வைத்து, உரியவர்களிடமே திருப்பித் தருவதற்கு இந்த வழிமுறை உதவும்.

முதலில் வரைபடம்

பேச்சைத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு பெரிய வெள்ளைத்தாளையும் பென்சிலையும் மேசைமேல் வையுங்கள். நினைவுகூர்பவரையே தம் தெருவை வரையச் சொல்லுங்கள். கோடு நேராக இருக்க வேண்டியதில்லை, அளவு சரியாக இருக்க வேண்டியதுமில்லை. வீட்டிலிருந்து பள்ளிக்குப் போன வழியில் முதலில் எந்தக் கடை, அடுத்து எது, எந்த மூலையில் சாலையைக் கடந்தார், எந்தக் குளோஸுக்குள் நுழைந்தால் பின்முற்றம் வழியாக அடுத்த தெருவுக்குக் குறுக்கே போகலாம் என்று கேட்டுக்கொண்டே வாருங்கள். "உங்கள் சிறுவயதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்விக்கு இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லி முடித்துவிடும் ஒருவர், வரைபடத்தின்மேல் விரல் வைத்துவிட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். கால்கள் நடந்த வழியை மனம் அவ்வளவு எளிதில் விடுவதில்லை.

அச்சிட்ட வரைபடத்தை அந்த முதல் அமர்வில் எடுத்துக் காட்டாதீர்கள் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதைக் கண்டதும் பெரும்பாலானவர்கள் தம் நினைவைக் கைவிட்டு, அச்சில் இருப்பதைப் படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கையால் வரைந்த படத்தில் இனிப்புக்கடை மிகப் பெரியதாகவும் காவல்நிலையம் சிறியதாகவும் இருக்கும். அந்த அளவுகளும் சாட்சியம்தான்.

இரண்டாவது அமர்வுக்கு முன்னால் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்துக்குப் போய், ஆர்டனன்ஸ் சர்வே என்னும் அரசு நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களைப் பாருங்கள். பெரிய அளவிலான நகர வரைபடங்களில் ஒவ்வொரு கட்டடமும் பின்முற்றத்துச் சிறு கொட்டகைகளும் கூடத் தெரியும்; பழைய படத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்திப் பார்க்கும் வசதியும் உண்டு. தெருவின் பெயர் கிடைக்கவில்லையென்றால் மனம் தளர வேண்டாம். கோவன் 1912 வரை தனி நகராட்சியாக இருந்து, அந்த ஆண்டில்தான் கிளாஸ்கோவோடு இணைக்கப்பட்டது. இணைந்த பகுதிகளில் ஒரே பெயரில் வேறு தெருக்களும் இருந்ததால் பல பெயர்கள் பின்னர் மாற்றப்பட்டன. பாட்டி சொன்ன பெயரும் பேத்தி அறிந்த பெயரும் ஒரே தெருவைக் குறிக்கலாம். யார் எந்த வீட்டில் வாடகைக்கு இருந்தார், ஆண்டுக்கு எவ்வளவு வாடகை என்பதை 1855 முதல் பதிந்துவந்த மதிப்பீட்டுப் பதிவேடுகளில் காணலாம். தாத்தா பாட்டி தலைமுறைக்குப் போக வேண்டுமென்றால் 1921ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பார்வைக்குத் திறந்திருக்கிறது.

ஆண்டைக் கண்டுபிடிப்பது

"எந்த ஆண்டில் நடந்தது" என்று நேரடியாகக் கேட்டால் பெரும்பாலும் தவறான பதிலே கிடைக்கும். அது அவர்களுடைய குறையன்று. சிறுவர்கள் ஆண்டுகளை எண்ணிக்கொண்டு வாழ்வதில்லை. ஊரெல்லாம் அறிந்த நிகழ்வுகளை ஆணிகளாக அடித்துக்கொண்டு, நினைவுகளை அவற்றில் மாட்டச் சொல்லுங்கள். கிளாஸ்கோவில் மார்பு எக்ஸ்-ரே எடுக்கும் பெரும் இயக்கம் 1957 வசந்தத்தில் ஐந்து வாரங்கள் நடந்து, ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்றார்கள்; அந்த வரிசையில் அம்மாவோடு நின்றது நினைவிருக்கிறதா என்று கேட்கலாம். நகரின் டிராம் வண்டிகளின் கடைசி ஊர்வலம் 1962 செப்டம்பர் 4 அன்று நடந்தது; தண்டவாளத்தில் காசு வைத்து டிராம் சக்கரம் அதை நசுக்கக் காத்திருந்த சிறுவர்கள் பலர் அந்த நாளை மறக்கவில்லை. 1967 செப்டம்பரில் கிளைட்பேங்கில் குவீன் எலிசபெத் 2 கப்பல் நீரில் இறங்கியதும், 1968 ஜனவரி நடுவில் ஓர் இரவு முழுதும் அடித்த புயலில் கூரைகளும் புகைபோக்கிகளும் சரிந்ததும், 1971இல் ஆலை மூடலை எதிர்த்துத் தொழிலாளர்களே கப்பல் பட்டறைகளில் வேலையைத் தொடர்ந்து நடத்திய போராட்டமும் இத்தகைய ஆணிகள்தாம். அந்தப் புயலுக்கு முன்பா பின்பா, அப்போது எந்த ஆசிரியையின் வகுப்பில் இருந்தீர்கள், தங்கை பிறந்திருந்தாளா என்று மூன்று கேள்விகள் கேட்டால் ஆண்டு தானாகவே வந்து நிற்கும்.

குளோஸுக்குள் நுழைதல்

இனி வருவதுதான் இந்த வேலையின் இதயம். தெருவைப் பற்றிய நினைவுகள் தெருவில் தொடங்குவதில்லை; குளோஸின் இருட்டில், படிக்கட்டின் குளிரில், அடுக்களையின் கரி அடுப்பருகே தொடங்குகின்றன. டெனிமென்ட் என்னும் அந்தக் கல்கட்டடங்கள் பெரும்பாலும் நான்கு தளங்கள் கொண்டவை. பழையவை வெளிர்மஞ்சள் மணற்கல்லாலும், 1890களுக்குப் பின் வந்த பல கட்டடங்கள் டம்ஃப்ரீஸ்ஷயர், ஏர்ஷயர் கற்சுரங்கங்களின் செம்மணற்கல்லாலும் கட்டப்பட்டன. நூறாண்டுக் கரிப்புகை படிந்ததால் சிறுவர்களின் கண்ணுக்கு எல்லாமே கறுப்பாகத்தான் இருந்தன. தம் வீடு என்ன நிறம் என்பதைப் பின்னாளில் கற்களைக் கழுவிச் சுத்தம் செய்தபோதுதான் அறிந்தேன் என்று சொன்ன ஒருவரை நான் சந்தித்திருக்கிறேன். நிறத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்.

வீட்டின் உள்ளமைப்பை அறை அறையாகக் கேளுங்கள். ஒற்றை அறையிலேயே சமையலும் உறக்கமும் நடந்த வீட்டுக்குச் சிங்கிள்-எண்ட் என்று பெயர்; அடுக்களையோடு மற்றொரு அறையும் இருந்தால் அது ரூம் அண்ட் கிச்சன். அடுக்களைச் சுவரில் உள்வாங்கிய ஒரு குழிவில் கட்டில் இருக்கும், அதற்கு முன்னால் திரை தொங்கும். சன்னலடியில் ஜாபாக்ஸ் என்று அவர்கள் சொல்லும் தொட்டி, அதன்மேல் குளிர்நீர்க் குழாய், மூலையில் நிலக்கரிப் பெட்டி. கழிப்பறை வீட்டுக்குள் இல்லை. படிக்கட்டு திரும்பும் இடத்தில், இரண்டு மூன்று குடும்பங்களுக்குப் பொதுவாக இருந்தது. இவற்றை நீங்களாகவே சொல்லிவிடாமல், "இரவில் யார் எங்கே படுத்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். இந்த ஒரு கேள்வி, நான் கேட்ட எல்லாக் கேள்விகளிலும் அதிகம் தந்திருக்கிறது. குழிவுக் கட்டிலில் பெற்றோர், அதனடியிலிருந்து இழுத்து விரிக்கும் படுக்கையில் மூன்று பிள்ளைகள், அறையில் வாடகைக்குத் தங்கிய ஒரு பட்டறைத் தொழிலாளி என்று பதில் விரியும்போது, அந்தக் குடும்பத்தின் வருமானமும் உறவுகளும் பகலிரவும் ஒன்றாகவே தெரிந்துவிடும்.

இந்த நெரிசலுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அதை அறிந்திருந்தால் நல்ல கேள்விகள் கேட்க முடியும். கிளாஸ்கோவில் 1862ஆம் ஆண்டின் காவல் சட்டம், சிறிய வீடுகளின் கன அளவை அளந்து, பெரியவர் ஒருவருக்கு 300 கன அடி என்ற கணக்கில் எத்தனை பேர் உறங்கலாம் என்பதை ஒரு தகரத் தகட்டில் பொறித்துக் கதவிலேயே அடித்து வைக்க வழிசெய்தது. எண்ணிக்கையைச் சரிபார்க்க ஆய்வாளர்கள் நள்ளிரவில் கதவைத் தட்டினார்கள். இதை நேரில் கண்டவர்கள் இன்று இல்லை. ஆனால் பாட்டி சொல்லக் கேட்டவர்கள் இருக்கக்கூடும். ஆகவே எழுதும்போது கண்டதையும் கேட்டதையும் பிரித்துக் காட்டுங்கள். "நான் பார்த்தேன்", "என் பாட்டி சொன்னாள்", "எல்லோரும் சொல்வார்கள்" என்ற மூன்றும் மூன்று வகையான சாட்சியங்கள். மூன்றையும் காப்பாற்ற வேண்டும், ஒன்றோடொன்று கலக்கக் கூடாது.

படிக்கட்டின் ஒழுங்கைப் பற்றித் தனியே கேட்க வேண்டும். படிகளைக் கழுவும் முறை வீடு வீடாகச் சுற்றி வரும். இந்த வாரம் உங்கள் முறை என்று அச்சிட்ட அட்டை கதவுக் கைப்பிடியில் தொங்கும். கழுவிய பின் படிகளின் ஓரத்தில் வெண்களிமண்ணால் கோடுகளும் சுழிகளும் வரைவார்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்த கைவண்ணம் இருந்தது. உங்கள் அம்மாவின் கோலம் எப்படி இருக்கும் என்று கேட்டு, அதையும் தாளில் வரையச் சொல்லுங்கள். வரைந்து காட்டிய எண்பது வயது மூதாட்டி ஒருவரின் கை, அவர் பேச்சைவிட வேகமாக ஓடியதை நான் கண்டிருக்கிறேன். பின்முற்றத்துச் சலவைக்கொட்டகைக்கும் இதே போல் நாள்முறை உண்டு. யாருடைய நாளை யார் எடுத்துக்கொண்டார் என்பதில் மூண்ட சண்டைகள் அறுபதாண்டுகள் கழிந்தும் ஆறாமல் இருக்கும். வீட்டுச் சலவைக்கு ஸ்டீமி என்னும் பொதுச் சலவைக்கூடத்துக்குப் போனவர்கள், அழுக்குத்துணியைப் பழைய குழந்தை வண்டியில் தள்ளிக்கொண்டு போனார்கள். ஊர்ச்செய்தி பரவிய இடமும் அதுவே. இன்றும் கிளாஸ்கோவில் ஊர்வாயில் விழுந்த ஒன்றை "ஸ்டீமியின் பேச்சு" என்கிறார்கள். தெரு வரலாறுகள் பல, கப்பல் பட்டறைகளையும் ஆண்களையும் பற்றி நீண்டு, பெண்களின் இந்த உழைப்பை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நீங்கள் அவ்வாறு செய்ய வேண்டாம்.

பின்முற்றமும் விளையாட்டும்

விளையாட்டின் பெயரை மட்டும் எழுதினால் எதுவும் மிஞ்சாது, விதிகளை எழுதுங்கள். பாண்டியாட்டம் போன்ற கட்ட விளையாட்டுக்கு அங்கே பீவர் என்று பெயர். கட்டங்களில் தள்ள, காலணி மெருகுப் பசையின் வெற்று டப்பாவில் மண்ணை நிரப்பிப் பயன்படுத்தினார்கள். எத்தனை கட்டம், எந்தக் கால், கோட்டை மிதித்தால் என்ன தண்டனை என்று கேளுங்கள். முற்றங்களைப் பிரித்த சுவர்களுக்கு டைக் என்று பெயர். ஒரு சுவரிலிருந்து கொட்டகைக் கூரைக்குத் தாவுவது சிறுவர்களின் வீரச்சோதனை, எந்தத் தாவல் எவ்வளவு கடினம் என்பதற்கு அவர்களே பெயரிட்டிருந்தார்கள். பசி எடுத்தால் கீழே நின்று மேலே பார்த்துக் கத்துவார்கள். அம்மா, ஜாம் தடவிய ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிச் சன்னல் வழியே எறிவாள். அதற்கு ஜீலி பீஸ் என்று பெயர். 1960களில் உயர்மாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்ட குடும்பங்கள் முதலில் இழந்தது இதைத்தான்: இருபதாம் தளத்திலிருந்து ரொட்டியை எறிய முடியாது, குழந்தையின் குரல் அங்கே எட்டாது. நகரத் திட்டமிடலைப் பற்றிய ஒரு பெரிய உண்மை இந்தச் சிறிய ரொட்டித்துண்டில் அடங்கியிருக்கிறது.

கயிறு தாண்டும்போதும் சுவரில் பந்து அடிக்கும்போதும் பாடிய பாட்டுகளைப் பாடச் சொல்லியே பதிவு செய்யுங்கள், வெறுமனே ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். தாளம் வந்தால்தான் மறந்த அடி வரும். எடின்பர்க் நகரின் நார்ட்டன் பார்க் பள்ளி ஆசிரியர்கள் தம் மாணவர்களின் தெருப்பாட்டுகளை 1951இல் ஒரு குறும்படமாகவே எடுத்தார்கள். அதே ஆண்டில் எடின்பர்க் பல்கலைக்கழகத்தில் ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளி தொடங்கி, மக்களின் பாட்டையும் பேச்சையும் நாடெங்கும் ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியது. பாட்டு வரிகள் அண்டைத் தெருவிலேயே மாறியிருக்கும். எது சரியானது என்று தேடாமல் எந்தத் தெருவில் எப்படிப் பாடினார்கள் என்பதைக் குறியுங்கள்.

பணத்தைப் பற்றிக் கேட்பது

வறுமையைப் பற்றி நேராகக் கேட்பது மரியாதையன்று, பயனும் தராது. கடைகளின் வழியாகப் போங்கள். கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவதை அவர்கள் "மெசேஜுக்குப் போவது" என்பார்கள். என்ன வாங்கினீர்கள், எவ்வளவு, யார் கணக்கில் என்று கேட்டால் போதும். கூட்டுறவுக் கடையில் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஈவுத்தொகை சேர, அம்மாவின் உறுப்பினர் எண்ணைச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த எண்ணைக் கேளுங்கள். தம் கைப்பேசி எண்ணை மறந்துவிட்ட முதியவர்களும் அம்மாவின் கூட்டுறவு எண்ணைத் தயங்காமல் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சொல்லி முடித்ததும் கடையின் மணம், வெண்ணெயை வெட்டிய மரக்கரண்டி, கணக்கெழுதிய பெண்ணின் முகம் எல்லாம் பின்தொடர்ந்து வரும்.

மினாஜ் என்பதும் கேட்கத் தக்கது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வாரந்தோறும் சிறு தொகை போட்டு, முறைவைத்து மொத்தமாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. நம்மிடையே சீட்டு என்று வழங்குவதை அறிந்த எவருக்கும் அதன் நடைமுறையை விளக்கத் தேவையில்லை, கேட்பவரும் சொல்பவரும் அந்த இடத்தில் சட்டென்று நெருங்கிவிடுவார்கள். அடகுக்கடையைப் பற்றிய பேச்சு பின்னால் வரட்டும். ஞாயிற்றுக்கிழமை உடுத்திய அப்பாவின் கோட்டுச்சட்டை திங்களன்று அடகுக்குப் போய், கூலி வந்த வெள்ளியன்று திரும்பி வரும் சுழற்சி பல வீடுகளில் இருந்தது. அடகுமூட்டையைத் தூக்கிச் சென்றது பெரும்பாலும் பிள்ளைகள். அந்த நடையின் கூச்சத்தைச் சிலர் எழுபது ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். சொன்ன பிறகு, இதை எழுதலாமா என்று தனியே மறுபடியும் கேளுங்கள்.

வாடகை வசூலித்த முகவருக்கு ஃபேக்டர் என்று பெயர். அவரைப் பற்றிய பேச்சு கோவனில் 1915ஆம் ஆண்டின் வாடகை மறுப்புப் போராட்டத்துக்கு இட்டுச் செல்லாமல் இருக்காது. ஆண்கள் போரிலும் பட்டறையிலும் இருந்த நேரத்தில் வீட்டுக்காரர்கள் வாடகையை உயர்த்த, மேரி பார்பர் முன்னின்று பெண்களைத் திரட்டினார். வெளியேற்ற வந்த நீதிமன்ற அலுவலர்கள் நுழைய முடியாதபடி பெண்கள் குளோஸை அடைத்து நின்றார்கள், மணியடித்து ஒருவரையொருவர் அழைத்தார்கள். நவம்பருக்குள் சுமார் 20,000 குடியிருப்பாளர்கள் வாடகை தர மறுத்திருந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் வாடகையைப் போருக்கு முந்தைய அளவில் நிறுத்தி வைக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மேரி பார்பருக்கு 2018இல் கோவன் கிராஸில் சிலை வைக்கப்பட்டது. சிலைக்குப் பிறகு அந்தக் கதை பள்ளியிலும் தொலைக்காட்சியிலும் பலமுறை சொல்லப்பட்டிருப்பதால், குடும்பத்துக்குள் வழிவழியாக வந்ததையும் அண்மையில் படித்ததையும் சொல்பவரே பிரித்தறிய முடியாமல் போகலாம். "இதை முதன்முதலில் யார் சொல்லக் கேட்டீர்கள், எந்த அறையில்?" என்று மென்மையாகக் கேட்டால் தெளிந்துவிடும்.

சொற்களை மாற்றாதிருத்தல்

சொன்னவரின் சொல்லை உங்கள் சொல்லாக மாற்றிவிடாதீர்கள். குழந்தையை அவர்கள் "வெய்ன்" என்றால் வெய்ன் என்றே எழுதி, முதல்முறை மட்டும் பொருள் சொல்லுங்கள். சன்னல் விளிம்பில் தலையணை வைத்து முழங்கையூன்றித் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பதை "ஹிங்கிங்" என்பார்கள். அதை "வேடிக்கை பார்த்தாள்" என்று தமிழில் எழுதினால் தலையணை காணாமல் போய்விடும். அந்த ஸ்காட்ஸ் பேச்சுக்காகப் பள்ளியில் அடி வாங்கிய தலைமுறை அது. அவர்கள் தம் சொற்களைச் சொல்லிவிட்டு, சரியான ஆங்கிலத்தில் திருத்திச் சொல்ல முற்படும்போது, முதலில் சொன்னதே வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் முகம் மலர்வதைக் காண்பீர்கள்.

கசப்பானவை

"ஏழைகள்தாம், ஆனால் மகிழ்ச்சியாக இருந்தோம்" என்ற வாக்கியம் ஏறத்தாழ எல்லோரிடமிருந்தும் வரும். அதை அப்படியே எழுதி முடிக்கவும் வேண்டாம், மறுத்துப் பேசவும் வேண்டாம். எந்த நாளில் மகிழ்ச்சியாக இருந்தீர்கள் என்று கேளுங்கள். ஜூலையின் கடைசி இரண்டு வாரங்கள் பட்டறைகள் மூடி, தெருவே ஆளில்லாமல் கிளைட் ஆற்றின் வழியே ராத்சே, டனூன் கடற்கரைகளுக்குப் போன நாளாக இருக்கலாம். திருமணக் காரின் சன்னலிலிருந்து மணமகளின் தந்தை வீசிய சில்லறைக்காகப் புரண்ட நாளாக இருக்கலாம். பிறகு, எந்த நாளில் அவ்வாறு இல்லை என்றும் கேளுங்கள். காசநோய், குடி, கூலிநாளின் இரவில் பக்கத்து வீட்டிலிருந்து கேட்ட அழுகை ஆகியவையும் அதே படிக்கட்டில்தான் இருந்தன.

மதப்பிரிவு தனி எச்சரிக்கை வேண்டும் விஷயம். எந்தப் பள்ளியில் படித்தாய் என்ற கேள்வி கிளாஸ்கோவில் வெறும் பள்ளியைப் பற்றியதன்று. கத்தோலிக்கரா, புராட்டஸ்டண்டா என்று அறியும் வழி அது. வெளியிலிருந்து வந்த நாம் அறியாமல் அதைக் கேட்டுவிடுவது எளிது. வரைபடத்தில் பள்ளிக்குப் போன வழி தானாகவே தெரிந்துவிடும்; அதற்கு மேல் அவர் சொல்ல விரும்பினால் சொல்லட்டும்.

பிறரைப் பற்றிய கதைகளில் பெயரை நீக்கிவிடுங்கள். கதவிலக்கம் துல்லியமாக இருப்பதால் பெயரை நீக்கினாலும் ஆளைக் கண்டுகொள்ள முடியும் என்பதை மறக்க வேண்டாம். அவமானம் தரும் கதையென்றால் தளத்தையும் பக்கத்தையும் சேர்த்தே மறையுங்கள். துல்லியம் வேண்டும் என்று மேலே சொன்னதற்கு நான் ஏற்கும் ஒரே விதிவிலக்கு இதுதான்.

பதிவு செய்தல்

கருவிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கைப்பேசியே போதும், மேசையில் மடித்த துணியின்மேல் வையுங்கள், தொலைக்காட்சியை அணையுங்கள், ஒரு மணி நேரத்துக்குமேல் போகாதீர்கள். இடையில் மௌனம் வந்தால் நிரப்பாதீர்கள். பதிவின் தொடக்கத்தில் நாள், இடம், யார் பேசுகிறார் என்பதைச் சொல்லி வையுங்கள். பிரிட்டனில் பதிவான பேச்சின் பதிப்புரிமை பேசியவருக்கே உரியது, ஒளிப்படத்தின் உரிமை பொதுவாக எடுத்தவருக்கு உரியது. ஆகவே எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்ற இசைவை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பகிர்தல்

எழுதியதை முதலில் சொன்னவரிடமே கொடுங்கள், பெரிய எழுத்தில் அச்சிட்டு, ஓரத்தில் அகலமான இடம் விட்டு. அவர் அடித்ததை அடித்ததாகவே ஏற்றுக்கொள்ளுங்கள். அதன்பின் அதே தெருவில் வாழ்ந்த மற்றவர்களைத் தேடுங்கள். தேவாலயக் கூடம், நூலகம், ஓய்வூதியர் மதிய உணவுக் குழு ஆகியவற்றில் அவர்கள் கிடைப்பார்கள். கோவனில் எல்டர் பார்க் நூலகம் 1903 முதல் இருக்கிறது. மூன்று தலைமுறையின் சிறுவர்கள் உள்ளே வந்து குளிர்காய்ந்த இடமாதலால் அங்கே பேச்சு எளிதில் தொடங்குகிறது.

கூடும்போது கையால் வரைந்த படத்தைப் பெரிதாக்கி மேசை நடுவில் விரியுங்கள், ஆளுக்கொரு பென்சில் கொடுங்கள். இருவர் முரண்பட்டால் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டையும், யார் எந்தத் தளத்திலிருந்து பார்த்தார் என்ற குறிப்போடு எழுதுங்கள். முரண்பாட்டுக்குக் காரணம் பல வேளைகளில் வயது வேறுபாடாகவே இருக்கும்: அக்கா கண்ட கடை, தம்பி பிறப்பதற்குள் கைமாறியிருக்கும். பழைய ஒளிப்படங்களையும் கொண்டுவரச் சொல்லுங்கள். கார்பல்ஸ் பகுதியின் சிறுவர்களை 1948இல் பெர்ட் ஹார்டியும் 1960களில் ஆஸ்கார் மார்சரோலியும் எடுத்த படங்கள் உலகறிந்தவை. நகரின் டவுன்ஹெட் பகுதிக் குழந்தைகளை ஜோன் எர்ட்லி வரைந்த ஓவியங்களும் அவ்வாறே. அவை வெளியாளின் கண்கள். பிஸ்கட் டப்பாவில் கிடக்கும் மங்கலான குடும்பப் படத்தின் பின்னணியில்தான் கடைப்பலகையும் கைப்பிடிச் சுவரும் இருக்கும்.

தெருவே இன்று இல்லையென்றாலும் நடந்து பாருங்கள். 1957இல் கிளாஸ்கோ நகராட்சி 29 பகுதிகளை முழுமையாக மாற்றியமைக்கத் திட்டமிட்டது; பல்லாயிரம் குடும்பங்கள் காசில்மில்க், ட்ரம்சாப்பல், ஈஸ்டர்ஹவுஸ் போன்ற நகர விளிம்புக் குடியிருப்புகளுக்கும் ஈஸ்ட் கில்பிரைட், கம்பர்நால்ட் போன்ற புதுநகரங்களுக்கும் சென்றன. ஒரே தெருவின் மக்கள் நான்கு திசைகளில் இருப்பதற்குக் காரணம் இதுவே. கோவனில் டாரன்சே தெருவைப் போலச் சில தெருக்கள், 1970களின் தொடக்கத்தில் குடியிருப்பாளர்களே முன்வந்ததால் இடிக்கப்படாமல், வீட்டுக்குள் குளியலறை அமைத்துச் சீர்செய்யப்பட்டன. அங்கே குளோஸுக்குள் நுழைந்து, படிக்கட்டுக் கைப்பிடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் பதிவுகளின் ஒரு பிரதியை மிட்செல் நூலகத்தில் இருக்கும் நகர ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்க முடியுமா என்று விசாரியுங்கள். கணினியில் மட்டும் வைத்திருப்பவை கணினியோடு போய்விடும்.

சென்ற குளிர்காலத்தில் அவ்வாறு ஒரு கூட்டம் நடத்தினோம். சக்கர நாற்காலியில் வந்திருந்த ஒரு மூதாட்டி நெடுநேரம் எதுவும் பேசாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் முடிந்து எல்லோரும் எழுந்தபோது பென்சிலை வாங்கி, மூன்றாவது குளோஸின் பின்னால் ஒரு சிறு சதுரம் போட்டார். "இங்கே ஒரு சலவைக்கொட்டகை இருந்தது. வியாழன் எங்கள் அம்மாவின் நாள்" என்றார். பக்கத்தில் நின்றவர் கோட்டைக் கழற்றிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார்.